அப்பா கட்டின வருடங்களையும் கணக்கில் சேருங்கள்: அயலகத் தமிழர் நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் நல வாரியத்திலும் முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளர் துறைக்காரர்களும் படித்தால் நல்லது, ஏனென்றால் பாதி விஷயம் உங்களிடமும் பாதி விஷயம் அவர்களிடமும் கிடக்கிறது, நடுவில் என் அப்பா மாதிரி ஆட்கள் நிற்கிறார்கள்.

கேட்க வந்தது ஒன்றுதான். வளைகுடாவில் இருபது, இருபத்தைந்து வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற ஆசாரி, கொத்தனார், கம்பி கட்டுகிறவர் எல்லாருக்கும், அங்கே வேலை பார்த்த வருடங்களை இங்கே இருக்கிற கட்டுமானத் தொழிலாளர் ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குத் தெற்கே. அப்பா தச்சு வேலைக்காரர். தாத்தா கலப்பையும் மாட்டு வண்டிச் சக்கரமும் செய்தவர், டிராக்டர் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. அப்பா கொஞ்ச நாள் நிலை, கதவு, ஜன்னல் என்று செய்து பார்த்தார். அதிலும் வருடத்தில் பாதி நாள் சும்மா உட்கார வேண்டியிருந்தது என்பதால் புதுக்கோட்டைப் பக்கம் சென்ட்ரிங் வேலைக்குப் போனார், அங்கிருந்து ஒரு ஏஜென்ட் மூலமாக 1993ல் சவூதி, ஜுபைல். அம்மாவின் நகையில் தாலியைத் தவிர மற்ற எல்லாம் அந்த விசாவுக்குப் போயிற்று. நான் அப்போது தவழ்கிற குழந்தை. பம்பாயில் ட்ரேட் டெஸ்ட் என்று ஒரு ஷெட்டில் வைத்து, பிளைவுட்டும் கட்டையும் கொடுத்துத் தூணுக்குப் பெட்டி அடித்துக் காட்டச் சொன்னார்களாம். மற்றவர்கள் அளவு எடுத்து முடிப்பதற்குள் அப்பா அடித்து முடித்துத் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை இப்போதும் யாராவது வீட்டுக்கு வந்தால் சொல்லுவார், நாங்களும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்போம்.

அங்கே போனதும் அவர் பெயர் ஷட்டரிங் கார்பென்டர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் தூணுக்கும் பீமுக்கும் சுவருக்கும் தளத்துக்கும் அச்சு மாதிரிப் பெட்டி கட்டுகிற வேலை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஊற்றின புது கான்கிரீட் தண்ணீர் மாதிரிதான், பக்கவாட்டில் தள்ளும், உயரம் கூடக் கூட அடியில் தள்ளுகிற பலமும் கூடும். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிற கம்பிக்கு டை ராடு என்று பெயர், அதில் ஒன்று சரியாக முறுக்கப்படவில்லை என்றால் பெட்டி வாய் பிளந்துவிடும், கீழே ஆள் நின்றால் அவ்வளவுதான். நூல் கணக்கில் சாய்ந்தாலும் நாலு மாடி தாண்டும்போது அது அங்குலக் கணக்கில் வந்து நிற்கும். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, பத்தாவது வரை போகவில்லை. ஆனால் டிராயிங் படிப்பார். கோடும் எண்ணும் இருந்தால் போதும், மனதுக்குள்ளேயே கட்டடம் எழும்பிவிடும். முதலில் ஊரில் பார்த்த மாதிரி பிளைவுட்டும் கட்டையும், பிறகு டோக்கா, பெரி என்று ஜெர்மன், ஆஸ்திரியா கம்பெனிகளின் ரெடிமேட் ஷட்டர்கள் வந்தன, அதையும் கற்றுக்கொண்டார். கடைசி வருடங்களில் இருபது பேருக்கு மேல் வைத்து வேலை வாங்குகிற ஃபோர்மேனாக இருந்தார், சம்பளத் தாளில் மட்டும் கடைசி வரை கார்பென்டர்தான்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. அதிலும் சில தடவை டிக்கெட்டுக்குப் பதிலாகக் காசாக வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார். என் படிப்பு, தங்கையின் நர்சிங் படிப்பு, வீட்டின் மேல்தளம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் வராமல் போன ஒரு லீவு உண்டு. தம்பியை அவர் முதன்முதலாகப் பார்த்தது அவன் நடக்கப் பழகின பிறகு. தாத்தா இறந்த செய்தி காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை லீவு நாளில் சைட்டில் கழித்துப் போட்ட பிளைவுட் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, கேம்ப்பில் இருக்கிறவர்களுக்கு ஸ்டூலும் அலமாரியும் செய்து கொடுப்பார், பத்து ரியால் பதினைந்து ரியால் வாங்கிக்கொள்வார். அந்தப் பணம் தனி, அதற்குக் கணக்கே கிடையாது என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மா அதற்கும் ஒரு நோட்டில் கணக்கு வைத்திருந்தாள்.

முதலில் கடிதம். அப்புறம் கேசட், யாராவது லீவில் வந்தால் அவர் கையில் கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் முழுக்க அப்பா பேசியிருப்பார், மறுபக்கத்தில் நாங்கள் பேசி அனுப்ப வேண்டும். அப்புறம் எஸ்டிடி பூத், அப்புறம் போன் கார்டு, கடைசியில் ஐமோ. அவர் பேச்சு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது, பாசமாகப் பேசத் தெரியாது, அளவு கேட்பார். கிணற்றில் தண்ணீர் எத்தனை உறை, தம்பி எவ்வளவு உயரம், நிலை வைத்தாயிற்றா, வைத்த நிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு தடவை எனக்குப் படிக்க மேசை செய்து தருகிறேன், உட்கார்ந்தால் முழங்கால் உயரம், முழங்கை உயரம் எல்லாம் எடுத்து எழுதி அனுப்பு என்றார். அம்மா தையல் டேப்பால் எடுத்து அனுப்பினாள். அவர் லீவில் வந்து தேக்கில் அழகாகச் செய்தும் முடித்தார், அதற்குள் நான் வளர்ந்துவிட்டிருந்தேன், கால் உள்ளே போகவில்லை. அப்பா கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துவிட்டு, கால்களின் அடியில் துண்டு வைத்து ஒட்டி உயர்த்திக் கொடுத்தார். அந்த ஒட்டு இப்போதும் தெரிகிறது. இந்த வீட்டில் இருக்கிற தச்சு வேலை எல்லாமே லீவு நாட்களில் அவர் செய்தது. ஓய்வெடுக்க வந்த ஆள் ஓய்வெடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

2009ல் கத்தார் போனார். உலகக் கோப்பைக் கால்பந்து அங்கேதான் என்று 2010 டிசம்பரில் அறிவித்த பிறகு தோஹா முழுக்கத் தோண்டிப் போட்ட மாதிரி இருந்தது என்பார். மெட்ரோ, ஹோட்டல், ரோடு, எட்டு ஸ்டேடியம், அதில் ஏழு புதிதாகக் கட்டியவை. 2022ல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது என்று கும்பல் கும்பலாக ஆட்களை அனுப்பினார்கள், அப்பாவும் அதில் ஒருத்தர். உலகக் கோப்பையை எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கேமரா கூரைப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

அந்த நாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அது வேறு மடல். சில நல்லதும் நடந்தது. 2020ல் பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று வந்தது, 2021ல் எல்லாருக்கும் குறைந்தபட்சம் 1,000 ரியால் சம்பளம், கம்பெனி சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் அதற்கு 300, 500 ரியால் தனியாக என்று ஆயிற்று. அதே வருடம் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று நேரத்தையும் கூட்டினார்கள். அப்பா அங்கே போய்ப் பல வருடம் கழித்து வந்த சட்டங்கள் இவை, இருந்தாலும் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று அவரே சொல்லுவார்.

ஆனால் கிளம்பும்போது கையில் என்ன வந்தது என்று பாருங்கள். நான் கணக்கு வேலை பார்க்கிறவள், அதனால் இந்தக் கணக்கை என்னால் சும்மா விட முடியவில்லை. கத்தார் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் சர்வீஸ் பணமாகத் தர வேண்டும். கவனியுங்கள், அடிப்படைச் சம்பளம். ஓவர்டைம், சாப்பாட்டுக் காசு எதுவும் இதில் வராது. பேசிக் 1,000 ரியால் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 700 ரியால், பத்து வருடத்துக்கு 7,000 ரியால், நம் பணத்தில் ஒன்றரை லட்சம் சொச்சம். பத்து வருட உழைப்புக்கு மொத்தமாக, ஒரே தடவையாக, அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. பென்ஷன், பிஎஃப் என்று வெளிநாட்டுக் கூலித் தொழிலாளிக்கு அங்கே ஒன்றுமில்லை. அதிலும் அப்பா கடைசியாக இருந்த, ஆள் சப்ளை செய்கிற கம்பெனி பாக்கிச் சம்பளத்தில் பாதியைத் தராமல், எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அரபியில் எழுதின தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விமானம் ஏற்றிவிட்டது. சரி, அது போகட்டும் என்றுவிட்டார். எத்தனை அது போகட்டும்!

திரும்பி வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, வலது தோளை முழுக்கத் தூக்க முடியாது. ஊரில் இருக்கிற கான்ட்ராக்டர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் சென்ட்ரிங்குக்கு இருபத்தைந்து வயதுப் பையன்கள் கிடைக்கும்போது இவரை ஏன் கூப்பிடுவார்கள்? ஊர்க்காரர்களுக்கு அவர் துபாய்க்காரர். துபாய்க்கு அவர் போனதே இல்லை, இருந்தாலும் அந்தப் பெயர்தான். துபாய்க்காரருக்கு எதற்கு ஓய்வூதியம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. மாடி வீடு தெரிகிறது. அந்த மாடி வீட்டுக்குள் வருமானம் என்று ஒன்றுமில்லை என்பது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதுதான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1996ல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? நல வாரியத்தில் பதிவு செய்ய வயது 18க்கு மேல் 60க்குள் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டட வேலை பார்த்திருக்க வேண்டும். 60 வயதில் உரிமை தொடர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மூன்று வருடமாவது தொடர்ச்சியாகப் பதிவில் இருந்திருக்க வேண்டும். இந்த 90 நாள் விதி 2020ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. ஊரிலேயே இருந்து வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதின விதி, அவர்களுக்கு அது நியாயமானதும்கூட. அப்பாவின் பக்கமிருந்து பாருங்கள். அவர் முப்பது வருடம் கட்டட வேலையைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. ஆனால் நம் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு நாள்கூடக் கட்டட வேலை பார்க்காதவர். ஏனென்றால் அவர் கட்டினது ஜுபைலிலும் தோஹாவிலும். இப்போது 90 நாளுக்கு முழங்கால் ஒத்துழைக்காது, மூன்று வருடத்துக்கு வயது ஒத்துழைக்காது, அடுத்த வருடம் அவருக்கு 60.

எங்கே என்ன வேலை பார்த்தார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா பத்தாவது தேறாதவர், அதனால் அவர் பாஸ்போர்ட் குடியேற்ற அனுமதி தேவைப்படுகிற வகை. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அவர் மாதிரி ஆட்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் வேலை ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன வேலை, என்ன சம்பளம் எல்லாம் அதில் உண்டு. என்ஜினியரோ டாக்டரோ போகும்போது அரசு இதையெல்லாம் கேட்பதில்லை. படிக்காத தொழிலாளியிடம்தான் கேட்கிறது, பாதுகாப்புக்காக. சரி, கேட்டீர்கள், கொடுத்தோம், முத்திரையும் குத்தினீர்கள். பத்து வருடத்துக்கு மேலாக இது எல்லாம் இமைகிரேட் என்ற இணையதளத்திலேயே நடக்கிறது. ஆக, இந்த நாட்டிலேயே வெளிநாட்டு வேலையைப் பற்றி அரசிடம் மிகத் தெளிவான பதிவு யாருக்கு இருக்கிறது என்றால் என் அப்பா மாதிரி ஆட்களுக்குத்தான். மத்திய அரசிடம் இருக்கிற பதிவை மாநில அரசு கேட்டு வாங்க முடியாதா? அதற்கு மேல் எங்களிடமே பாஸ்போர்ட் கட்டு இருக்கிறது, பழையது புதியது எல்லாம். சவூதியில் தங்கி வேலை பார்க்கக் கொடுக்கிற அட்டையான அக்காமாவின் நகல் இருக்கிறது, கத்தாரில் சம்பளம் வங்கி மூலமாகத்தான் என்று ஆன பிறகு வந்த கணக்குத் தாள்கள் இருக்கின்றன. அப்பா எந்தத் தாளையும் தூக்கி எறிகிறவர் இல்லை.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1990ல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கத்தில் இந்தியர்கள் அங்கிருந்து கிளம்பி, பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக, ஏர் இந்தியா விமானங்களில் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலும் அப்படி வந்தவர்கள் உண்டு, உடுத்தின துணியோடு. பின்னால் ஐ.நா. ஒரு இழப்பீட்டு ஆணையம் வைத்தது, ஒவ்வொரு நாட்டு அரசும் தன் குடிமக்களிடம் விண்ணப்பம் வாங்கி மொத்தமாக அனுப்ப வேண்டும் என்றார்கள். நம் அரசு வாங்கி அனுப்பியது. பணமும் வந்தது, வருடக்கணக்கில் இழுத்து வந்தாலும் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், பலர் கையில் முழுசாகக் காகிதமும் இல்லை. அப்போது முடிந்திருக்கிறது. இப்போது முடியாது என்று சொன்னால் எப்படி நம்புவது?

அடுத்த கேள்வி பணம். கட்டுமான வாரியத்தின் நிதி கட்டடம் கட்டுகிறவர்கள் கட்டுகிற 1% தொழிலாளர் நலத் தொகையில் சேருகிறது, கத்தார் கம்பெனி நமக்கு என்ன கட்டியது, அவர்களுக்கு உழைத்தவருக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது நியாயமான கேள்விதான், மழுப்ப விரும்பவில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில், ராமநாதபுரத்தில், சிவகங்கையில், தஞ்சாவூர்ப் பக்கத்தில் கிராமங்களுக்குள் ஒரு தடவை வந்து பாருங்கள், வீடுகள் எந்தப் பணத்தில் எழும்பியிருக்கின்றன? பிளான் அப்ரூவலுக்குப் போகும்போது அந்த 1% கட்டினது யார்? நாங்கள் மேல்தளம் எடுத்தபோது கட்டின ரசீது அம்மாவின் நோட்டுக்குள் இருக்கிறது. ரிசர்வ் வங்கி ஆய்வுப்படி 2023-24ல் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்தியாவுக்கு அனுப்பின பணம் 11,870 கோடி டாலர், அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4%, மகாராஷ்டிரா, கேரளாவுக்கு அடுத்த இடம். இது எல்லாம் கூலிக்காரர்கள் அனுப்பினது என்று நான் சொல்ல மாட்டேன், அமெரிக்காவில் இருந்து வருவதும் பெரிய தொகைதான். ஆனால் கிராமத்தில் செங்கல்லாக மாறின பணம் பெரும்பாலும் எங்கள் ஆட்களுடையது. இதற்கும் மேல் ஒன்று சொல்கிறேன், இலவசமாகக் கேட்கவில்லை. விட்டுப்போன வருடங்களுக்கு ஒரு தொகை நிர்ணயம் செய்யுங்கள், தவணையில் கட்டச் சொல்லுங்கள். கட்டுவோம்.

இப்படி ஒரு முயற்சி முன்னால் நடக்காமலும் இல்லை. 2012ல் மத்திய அரசு மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்று ஒன்று ஆரம்பித்தது. என் அப்பா மாதிரி, குடியேற்ற அனுமதி தேவைப்படுகிற வகைத் தொழிலாளிகளுக்கு மட்டுமான திட்டம். அவர்கள் வருடாவருடம் கொஞ்சம் பணம் போட்டால் அரசும் ஆணுக்கு 1,000 ரூபாய், பெண்ணுக்கு 2,000 ரூபாய் சேர்த்துப் போடும், வயதான பிறகு ஓய்வூதியமாக வரும், ஊர் திரும்பும்போது எடுக்க ஒரு பகுதி தனி. நல்ல யோசனை. 2017ல் மூடிவிட்டார்கள், சேர்ந்தவர்கள் மிகக் குறைவு என்று காரணம் சொன்னார்கள். குறைவாகத்தான் இருக்கும். கேம்ப்பில் ஒரு அறையில் எட்டுப் பேராகப் படுத்து, காலை நாலு மணிக்கு பஸ் ஏறுகிற ஆளுக்கு இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று யார் போய்ச் சொன்னார்கள்? நான் கணக்கு படித்தவள், எனக்கே அது மூடின பிறகுதான் தெரியும். அப்பா கேட்டுவிட்டு, தெரிந்திருந்தால் ஸ்டூல் செய்த காசைப் போட்டிருப்பேன் என்றார்.

செத்தவர்களுக்கு அரசு ஓடி வருவதை நான் பார்த்திருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2024 ஜூன் 12ல் குவைத் மங்காஃப் தீ விபத்தில் இறந்தவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், உடல்களைக் கொண்டுவந்ததும் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் கொடுத்ததும் சீக்கிரமே நடந்தது. மத்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ பத்து லட்சம். தூக்கத்தில் மாரடைப்பு வந்து இறந்தால் அந்தப் பத்து லட்சம் கிடையாது, அங்கே எங்கள் ஆட்கள் பலர் போவது அப்படித்தான் என்றாலும். எதற்குச் சொல்கிறேன் என்றால், போகும்போது முத்திரை குத்த ஒரு அலுவலகம், அங்கே இறந்தால் கொண்டுவர ஒரு ஏற்பாடு என்று இரண்டுமே இருக்கிறது. உயிரோடு, கைகால் தேய்ந்து, அறுபது வயதில் விமான நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறவருக்குத்தான் யாருமில்லை. பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். 2015ல் எடுத்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றது. அதில் வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை என்ற பேச்சே கிடையாது, எத்தனை வருடம் இருந்தாலும் ஒரு நாள் ஊருக்கு வந்தே ஆக வேண்டும்.

கேரளா 1996லேயே வெளிநாட்டில் இருக்கிற தன் ஆட்களுக்காக நோர்க்கா என்று தனித் துறை வைத்துவிட்டது. 2008ல் பிரவாசி நலச் சட்டம் போட்டு, வெளிநாட்டில் இருக்கிறவரும் திரும்பி வந்தவரும் மாதாமாதம் பணம் கட்டி 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிற ஏற்பாட்டைச் செய்தது. அப்பாவோடு ஒரே அறையில் இருந்த மலையாளி ஒருவர், அப்பாவை விட இரண்டு வயது மூத்தவர், அதை வாங்கிக்கொண்டிருக்கிறார். பெரிய தொகை இல்லை, மருந்துக்கு ஆகிறது என்றாராம். அப்பா அதைச் சொன்னபோது பொறாமையாகச் சொல்லவில்லை, அவன் வாங்குகிறான் பாரு என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. நம்மிடமும் 2011லேயே வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் வந்துவிட்டது, வாரியமும் இருக்கிறது, 2022 முதல் ஒவ்வொரு ஜனவரி 12ம் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலாவது தலைமுறையாக வெளியில் இருக்கிறவர்கள் வந்து தமிழில் பேசுவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கிறது. மேடையில் தொழிலதிபர்களும் டாக்டர்களும் அமைச்சர்களும் இருக்கட்டும். அதே நாளில் திரும்பி வந்த கம்பி வேலைக்காரருக்கும் ஆசாரிக்கும் ஒரு பதிவு மேசை போடுங்கள் என்கிறேன். பாஸ்போர்ட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள், முத்திரைகளைப் பார்த்து வருடத்தை எழுதிக்கொள்ளுங்கள். சென்னையில் மட்டும் போடாதீர்கள், அறந்தாங்கியிலும் முதுகுளத்தூரிலும் போடுங்கள்.

ஓட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இருக்கிறது. 2010ல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் இருக்கிற இந்தியரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற முகவரியில் வாக்காளராகச் சேரலாம் என்றார்கள். ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். தாத்தாவின் சாவுக்கே வர முடியாதவர் ஓட்டுக்கு எப்படி வருவார்? அப்பா கடைசியாக எப்போது ஓட்டுப் போட்டார் என்று கேட்டேன், அவருக்கே ஞாபகமில்லை. ஓட்டு இல்லாத ஆளின் கோரிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் முதலில் சொன்னது நடக்கட்டும். எங்கள் மாவட்டத்தில் பையன்கள் சென்ட்ரிங் வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள், முட்டு சரிந்து விழுந்து அடிபட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எத்தனை உயரத்துக்கு எத்தனை டை ராடு, எந்த வெயிலில் எத்தனை நாள் கழித்துப் பெட்டியைப் பிரிக்கலாம், எந்த முட்டுக் கம்பை முதலில் எடுக்கக் கூடாது என்று அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பார், அதற்கு முழங்கால் தேவையில்லை. முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற ஏற்பாடு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. சான்றிதழ் கொடுத்து ஐடிஐயில் வாரத்துக்கு இரண்டு நாள் கூப்பிடுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் வருவார். இலவசமாகக் கூப்பிட்டாலும் வருவார், ஆனால் தயவுசெய்து இலவசமாகக் கூப்பிடாதீர்கள்.

நான் இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால், கவர்மென்ட்டிடம் போய் என்ன கேட்கிறது, பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறீர்கள் என்பார். நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்கிறோம், அதில் குறையில்லை. ஆனால் எங்கள் மூன்று பேரிடமும் காசு வாங்க அவருக்கு இன்னும் வரவில்லை. மாதாமாதம் நான் கொடுக்கிறதை அம்மாவின் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார், கடன் மாதிரி. அவர் பெயரில் அவர் உழைத்ததற்கு என்று ஒரு தொகை, ஆயிரமோ இரண்டாயிரமோ, அவர் கணக்கில் ஏறினால் அதை அவர் எழுதி வைக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது ஒரு அரசாணை. வெளிநாட்டில் பார்த்த கட்டட வேலையையும் வேலையாக எடுத்துக்கொண்டு, திரும்பி வந்தவர்களுக்கு 90 நாள் விதியையும் மூன்று வருட விதியையும் தளர்த்தி, ஒரு முறை மட்டும் என்றாலும் பதிவுக்கு வாய்ப்புக் கொடுங்கள். மத்திய சட்டம் குறுக்கே நிற்கிறது என்றால் வாரியத்தின் சொந்த நிதியில் தனித் திட்டமாகப் போடுங்கள், கேரளா போட்ட மாதிரி. எதுவானாலும் அப்பாவின் 60வது பிறந்தநாளுக்கு முன்னால் தெரிந்தால் உதவியாக இருக்கும், அதற்கு மேல் போனால் எந்தக் கவுன்டரில் போய் நின்றாலும் வயது தாண்டிவிட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தாள்கள் எல்லாம் வருடவாரியாக அடுக்கி, நகல் எடுத்து, பட்டியலும் போட்டு வைத்திருக்கிறேன். எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஷட்டரிங் கார்பென்டரின் மூத்த மகள்
அறந்தாங்கி பக்கம், புதுக்கோட்டை மாவட்டம்